சேறு படாத சாரம்

பரீனாவை ஏமாற்றிப் பழைய மீனைத் தலையில் கட்டிய வியாபாரி நிந்தவூர்ச் சந்தையில் இன்னும் பிறக்கவில்லை. செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். கண்ணை அமத்திப் பார்ப்பாள். பிறகு குனிந்து தராசுத் தட்டின் அடியையும் பார்ப்பாள். இத்தனையும் பார்த்து வாங்கிய மீனை வீட்டில் இருக்கும் தன் சொந்தத் தராசில் இன்னொரு தடவை போட்டு நிறுக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவன் குறித்துக்கொள்ளும்போது பக்கத்தில் நின்று எண்ணை வாய்விட்டு வாசிப்பாள். ஊரில் அவளுக்கு 'சிஐடி ராத்தா' என்று பட்டம் வைத்திருந்தார்கள். அதை முதலில் வைத்தது யார் என்பதையும் அவள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள்.

இப்படிப்பட்டவள் சந்தேகப்படாத ஒரே ஆள் அவளுடைய புருஷன் ஜெமீல்தான். நம்பிக்கை என்று அதைச் சொல்ல முடியாது. அவளிடம் ஆதாரம் இருந்தது. அவர் கட்டிக் கழற்றிப் போடும் சாரத்தை நாள் தவறாமல் துவைக்கிறவள் அவள். அதில் முழங்கால் உயரத்துக்குக் கறுத்த வாய்க்கால் சேறு அப்பியிருக்கும். அந்தச் சேறு இருக்கும்வரை ஆள் எங்கே போனார், என்ன செய்தார் என்று அவள் கேட்கவேண்டிய தேவை வந்ததில்லை.

ஜெமீல் வட்டவிதானை. ஒரே வாய்க்கால் பாயும் வயல்வெளிதான் வட்டை. அதற்குள் இருக்கும் வயல்காரர்கள் எல்லோரும் கூடி, தண்ணீரை முறைப்படி பங்கிட்டுக் கொடுக்கத் தங்களுக்குள் ஒருவரைத் தெரிவுசெய்து வைப்பார்கள். அவர்தான் வட்டவிதானை. மாரியில் அந்த வேலையை யாரும் செய்யலாம். சிறுபோகத்தில்தான் வினை. வெயில் கொளுத்தும் மாதங்களில் கல்லோயாத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். முறை நாளன்று காலையில் மதகில் இறங்கி மேல்வயல்களின் வாய்க்குப் பலகை போட்டு மறித்து, கீழ்வயல்களுக்குப் போகும் வாயில் பலகையைத் தூக்கிவிட வேண்டும். பகல் சாய்ந்தால் தண்ணீர் அடுத்த வட்டைக்குப் போய்விடும். கதிர் வெளியே தள்ளுமுன் குடலைப் பருவத்தில் நிற்கும் பயிருக்கு ஒரு முறை தவறினால் கதிர் பதராகிவிடும். ஜெமீல் இந்த வேலையைப் பல போகங்களாகச் சண்டை சச்சரவில்லாமல் செய்துவந்தார். வீட்டில் உப்புக் கூடினால் கத்துவார், வயலில் யாரிடமும் கத்தமாட்டார்.

போன வருஷம் அவருக்கு நெஞ்சு வலித்து ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்தார். திரும்பி வந்தவர் கொஞ்சம் வேறு ஆளாக வந்தார். வியாழக்கிழமைகளில் கல்முனையில் ஷிப்லி ஹஸ்ரத் நடத்தும், அல்லாஹ்வின் பெயரைக் கூடி ஓதும் திக்ர் மஜ்லிஸுக்குப் போகத் தொடங்கினார். பரீனா ஒன்றும் சொல்லவில்லை. மனிதன் மௌத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், அல்லாஹ்வை நினைக்கட்டும், நல்லதுதானே என்று இருந்தாள். ஆனால் அவர் உப்புக்குக் கத்துவதை நிறுத்தினார். கறியில் புளி அதிகமாக இருந்த ஒரு நாள் சிரித்துக்கொண்டே தின்றுவிட்டு எழுந்து போனார். அன்றைக்கு அவள் முதல் முறையாக அலுமாரியைத் திறந்து அவருடைய உடுப்புகளை எண்ணிப் பார்த்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. கல்யாணத்தோடு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருந்துவிடுவார். எத்தனை வருஷம் இருந்தாலும் சுவரும் கூரையும் அவளுடையவை. அவருடையது என்று அலுமாரியில் நாலு சாரமும் நாலு சேட்டும் இருக்கும். போக நினைத்தால் அதை ஒரு பையில் அடக்கிவிடலாம். பரீனாவின் வாப்பாவுக்குத் தம்பியான சாச்சா ஒருவர் அப்படித்தான், முதலில் மென்மையாகக் கதைக்கத் தொடங்கினார், பிறகு யாரோடும் கோபப்படாமல் விட்டார், பிறகு ஒரு பின்னேரம் அஸர் தொழுகை நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு எங்கோ இறைநேசர் ஒருவர் அடங்கிய ஸியாரத்தைத் தேடிப் பஸ் ஏறினார். அவர் அங்கே வெகு சந்தோஷமாக இருப்பதாக வருஷத்துக்கு ஒரு முறை செய்தி வரும். அவர் திரும்பி வருவார் என்று சாச்சி கதவைத் தாழ்ப்பாள் போடாமல் படுத்தே கிழவியாகிப்போனாள். பரீனாவுக்கு அந்தத் திறந்த கதவை நினைத்தாலே பயம்.

இந்தச் சிறுபோகத்தில் சாரம் சுத்தமாக வரத் தொடங்கியது.

முதல் நாள் அவள் கவனிக்காததுபோல் இருந்தாள். அடுத்த முறை நாளும் அப்படியே வந்தது. விளிம்பில் கொஞ்சம் புழுதி, புல் விதை ஒன்றிரண்டு, போதாக்குறைக்கு அத்தர் வாசம். வாளிக்குள் போட்டால் தண்ணீர் நிறம் மாறவில்லை. வட்டவிதானையின் சாரத்தைத் துவைத்த தண்ணீரில் முகம் தெரிகிறது என்றால் அந்த மனிதன் எங்கே போய் வருகிறார்? அத்தரும் சுத்தமான சாரமும் சேர்ந்தால் உலகத்தில் எந்தப் பெண்ணும் நினைப்பதைத்தான் பரீனாவும் நினைத்தாள். அவர் லுஹர் தொழப் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து அவருடைய போனைத் திறந்தாள். வந்த அழைப்புகள் எல்லாம் வயல்காரர்கள். வாட்ஸ்அப்பில் குவிந்து கிடந்தவை திக்ர் ஒலிப்பதிவுகள். ஒவ்வொன்றாகக் கேட்டாள், நடுவில் ஒரு பெண் குரல் வருகிறதா என்று. வரவில்லை. பாதியில் அவளுக்கே கண் சொருகியதுதான் மிச்சம்.

பெண் இல்லை என்றால் ஹஸ்ரத்தாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினாள். மனிதனுக்கு ஏதோ ஓதிக்கொடுத்து மயக்கி வைத்திருக்கிறார், வயல் உறுதிப் பத்திரத்தில் கை வைக்கப்போகிறார். மறுநாளே அபாயாவை மாட்டிக்கொண்டு கல்முனைக்குப் பஸ் ஏறினாள்.

ஷிப்லி ஹஸ்ரத்துக்குப் பஸாருக்குள் ஆணி, பூட்டு, பெயின்ற் விற்கும் கடை. தாடியும் தலைப்பாகையுமாய் ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்த்துப் போனவள், பெயின்ற் வாளிகளை இறக்கிய லொறிக்காரரோடு ஒருவர் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதைக் கண்டாள். ஒரு வாளி நெளிந்திருக்கிறதாம், அதை ஏற்கமாட்டாராம். லொறிக்காரர் அலுத்துப்போய் வாளியைத் திருப்பி ஏற்றும்வரை அவர் விடவில்லை. பரீனாவுக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதாலேயே இன்னும் கவனமாக இருக்கவேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பூட்டு ஒன்று கேட்டாள். காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாள், சாவியைப் போட்டுத் திறந்து பூட்டித் திறந்து பார்த்தாள். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"நிந்தவூர் ஜெமீல் விதானையாருக்கு நீங்க என்ன ஹஸ்ரத் சொல்லிக்குடுக்கீங்க?"

அவருக்கு ஆள் யாரென்று விளங்கிவிட்டது. "அல்லாஹ்வ மறக்காம இரிக்கச் சொல்லிக்குடுக்கன், தங்கச்சி. வேற என்னத்தச் சொல்ற."

"வேலய உட்டுப்போட்டு மறக்காம இரிக்கச் சொல்லியா?"

"வேலயெல்லாம் முடிச்சிப்போட்டுத்தான் வயல் வாடிக்குள்ள திக்ருக்கு இரிக்கிறதா அவர் எனக்கிட்டச் சொன்னாரு." ஹஸ்ரத் பூட்டைக் கடதாசியில் சுற்றினார். "எனக்கும் கடை இரிக்கி. கடையத் திறந்து வெச்சிப்போட்டு நான் கண்ண மூடிக்கிட்டு இரிந்தா பின்னேரத்துக்குள்ள ஒரு ஆணியும் மிஞ்சாது."

பஸ்ஸில் வரும்போது மடியில் பூட்டு, மண்டைக்குள் மூன்று விஷயம். மனிதன் வேலையை முடித்துவிட்டு உட்காருகிறாராம், அப்படித்தான் சொல்லியிருக்கிறார். சாரத்தில் சேறு இல்லை, ஆகவே வேலை செய்யவில்லை. ஆனால் வயலில் தண்ணீர் நிற்கிறது, கீழ்வயல்காரர் ஒருவர்கூட வீட்டு வாசலில் வந்து ஏசவில்லை. இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒரு பொய் அகப்பட்டால் அவளுக்கு வழக்கமாக ஒரு திருப்தி வரும். இப்போது வந்தது துக்கம்தான். பெண்டாட்டியிடம் பொய் சொல்லுகிற புருஷனை ஊரெல்லாம் கண்டிருக்கிறாள். தன் ஹஸ்ரத்திடமே பொய் சொல்லுகிறவரை எதில் சேர்ப்பது?

அன்று அந்திக்கு அவர் தேத்தண்ணீர் குடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நபீலாட வாப்பா, வாய்க்கால்ல இறங்குறது ஆரு?"

மகள் நபீலா கல்யாணம் முடித்துச் சாய்ந்தமருதில் இருக்கிறாள். அவள் பிறந்த நாளிலிருந்து பரீனா புருஷனைக் கூப்பிடுவது அப்படித்தான். ஜெமீல் கோப்பையைக் கீழே வைத்தார். மறைக்க நினைத்தவர் முகம் அப்படி இருக்காது. அதைச் சொல்ல ஒருவர் கேட்கமாட்டாரா என்று காத்திருந்தவர்போல இருந்தார்.

போகத்தின் தொடக்கத்தில் ஒரு முறை நாள், விடியலில் ஸுப்ஹு தொழுதுவிட்டு, வயலோரக் குடிசையான வாடிக்குள் திக்ருக்கு உட்கார்ந்தாராம். நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கி, நேரம் போனது தெரியவில்லையாம். விழித்துப் பார்த்தால் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பலகை மாற்றவில்லையே என்று பதறிக்கொண்டு ஓடிப்போனால், கீழ்வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த முறையும் உட்கார்ந்து பார்த்தாராம். அன்றும் தண்ணீர் வந்தது. அதன்பிறகு ஒரு முறையும் தவறவில்லை.

"நான் அல்லாஹ்வ நினைச்சுக்கிட்டு இரிக்கன், அவன் தண்ணியப் பார்த்துக்கிறான். இத வெளியில கதைக்காத, பரீனா."

ஆனால் அவரே வெளியில் கதைத்திருந்தார் போலும். மறுநாள் கீழ்வயல்காரர் வீட்டுப் பெண்ணொருத்தி, விதானையார் ஓதுகிற வாய்க்கால் தண்ணீர் கொஞ்சம் வேண்டும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போத்தலும் கையுமாக வந்து நின்றாள். காய்ச்சலுக்கு டொக்டரிடம் போகச் சொல்லிப் பரீனா அவளை வெறும் போத்தலோடு அனுப்பிவைத்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளையும் இழுத்துப் போட்டாள். சாச்சாவைப் பற்றியும் இப்படித்தான் முதலில் ஊர் கதைத்தது.

பலகை தானாகத் தூக்குப்படாது. மரம், இரும்பு, ஊறிப்போன நாலடி நீளம். அதை யாரோ தூக்குகிறார். சும்மா தூக்கமாட்டார். விதானை கண்ணை மூடியிருக்கும் நேரம் பார்த்துத் தண்ணீர் களவெடுக்கிற ஒருவர், ஒருவருக்கும் சந்தேகம் வராமலிருக்கக் கீழ்வயலுக்கும் கொஞ்சம் விட்டுவைக்கிறார். பரீனாவுக்குக் கணக்கு நேராகிவிட்டது. அடுத்த முறை நாளன்று, ஜெமீல் போய்க் கொஞ்ச நேரத்தில், ஓட்டோ பிடித்து வாய்க்கால் ரோட்டில் இறங்கி, அபாயாவைக் கையில் பிடித்துக்கொண்டு வரம்பில் நடந்தாள்.

மதகுக்குள் ஒரு ஆள் இறங்கி நின்றார். காரைதீவுச் சின்னப்போடி. மேல்வயல் அவருடையது, ஜெமீலோடு பல வருஷப் பழக்கம், தைப்பொங்கலுக்குப் புக்கை பொங்கி அனுப்புகிறவர். கள்ளன் என்று ஒருவர் இருப்பார் என்று வந்தவள், அவர் தெரிந்தவராக இருப்பார் என்று நினைத்திருக்கவில்லை.

"புடிச்சிட்டன் அண்ணே," என்றாள். "எத்தின நாளா இந்தக் களவு?"

கிழவர் நிமிர்ந்து பார்த்தார். பலகைகளை நோக்கிக் கையை நீட்டினார். அவள் பார்த்தாள். போடப்பட்டிருந்த பலகை அவருடைய சொந்த வயலின் வாயை மறித்திருந்தது. அவர் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தது கீழ்வாய்க்காலின் பலகை. அது பாதி உயரத்தில் சிக்கி நின்றது.

"உன்ட மனிசன்ட வேலயத்தான் புள்ள செய்யிறன்," என்றார். "முதல் நாள் பார்த்தன், தண்ணி வந்து நிக்கி, ஆளக் காணல்ல. வாடிக்குள்ள எட்டிப் பார்த்தா கண்ண மூடிக்கிட்டு இரிக்கார். சாமியோட கதைச்சுக்கிட்டு இரிக்கிற மனிசன எப்படி எழுப்புற? நானே மாத்திப்போட்டன். கீழ தண்ணி போகல்ல எண்டா அவனுகள் மண்வெட்டியோட வந்து வரம்ப வெட்டுவானுகள், பிறகு எனக்கும் தண்ணி இல்ல, ஒருத்தனுக்கும் இல்ல. அடுத்த முறையும் அவர் வரல்ல. அப்பதான் எனக்கு விளங்கின, நான் பார்ப்பன் எண்டு என்ன நம்பித்தான் இரிக்கார் எண்டு. சரி, நம்பினவர உடக் கூடாதெண்டு வாறன்."

பரீனாவுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பழக்கம். இதை மட்டும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அவர் உங்கள நம்பல்ல அண்ணே."

"பின்ன ஆர?"

"அல்லாஹ் பார்த்துக்கிறான் எண்டு இரிக்கார்."

சின்னப்போடி பலகையிலிருந்து கையை எடுத்தார். அவர் கோபப்பட்டிருந்தால் பரீனாவுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அப்ப நான் வந்து போறது அவருக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

அவள் வாடியை நோக்கி ஓடினாள். ஆளைச் சட்டையில் பிடித்து இழுத்து வரத்தான் போனாள். ஓலைத் தட்டியின் இடைவெளியில் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. ஜெமீல் அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லாத அழுகை. உதடுகள் அசைந்தபடி இருந்தன, முகம் நனைந்து பளபளத்தது. இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தவள் அந்த முகத்தைக் கண்டதில்லை. அவளுக்குப் பங்கில்லாத ஏதோ ஒன்று அங்கே இருந்தது. பொறாமையாக இருந்தது அவளுக்கு, மறைப்பானேன். நடிப்பாக இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள், நடிப்பைக் கிழிக்க அவளுக்குத் தெரியும். இது நிஜம். நிஜத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் இப்படிப் பிழை விடுவார் என்று அவள் நினைத்தும் பார்க்கவில்லை.

கூப்பிட வாயைத் திறந்தாள். பிறகு சின்னப்போடியைப்போலவே எழுப்பாமல் விட்டாள்.

திரும்பி வந்தபோது கிழவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மதகுக் கட்டில் சாய்ந்திருந்தார். பலகை இன்னும் அதே பாதியில் நின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பலகை இப்படியே நின்றால் பகல் சாய்ந்து இந்த வட்டையின் முறை முடிந்துவிடும். கீழே குடலை தள்ளி நிற்கும் பயிர் அத்தனையும் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. பரீனா செருப்பைக் கழற்றி வரம்பில் வைத்தாள். அபாயாவை இடுப்பில் செருகிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினாள். சேறு முழங்காலைத் தாண்டி உள்வாங்கியது. ஒரு முனையை அவர் பிடித்தார், மறு முனையை அவள் பிடித்தாள். பலகை வரமாட்டேன் என்று நின்றது. மூன்றாம் இழுப்பில் அது கிளம்ப, தண்ணீர் அவள் இடுப்பில் மோதிக்கொண்டு கீழ்வாய்க்காலுக்குள் பாய்ந்தது.

அந்தச் சத்தம் கேட்டோ என்னவோ, ஜெமீல் வாடியிலிருந்து வெளியே வந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேட்டு. கீழ்வாய்க்காலில் ஓடும் தண்ணீரைப் பார்த்தார். வழக்கம்போல அவர் கைகள் துஆவுக்கு உயர்ந்தன. பிறகுதான் மதகைப் பார்த்தார்.

பரீனா தலையிலிருந்து நழுவிய முக்காட்டைச் சேற்றுக் கையாலேயே இழுத்துவிட்டாள்.

"ஓம், அல்லாஹ் வானத்தால அனுப்பின உங்கட மலக்குமார்தான், ரெண்டு பேரும் இறங்கி நிக்கம்," என்றாள். "ஒருத்தருக்கு முழங்கால் ஏலாது. கையக் குடுத்து மேல ஏத்துங்க."

ஜெமீலின் கைகள் உயர்ந்த இடத்திலேயே நின்றன. அவர் சின்னப்போடியைப் பார்த்தார், அவர் வயலின் வாயை மறித்திருந்த பலகையைப் பார்த்தார், திரும்பவும் அவரைப் பார்த்தார். எத்தனை முறை நாள் கழிந்திருக்கிறது என்று அவர் மனதுக்குள் எண்ணுவது முகத்தில் தெரிந்தது. சாரத்தைத் தூக்கிக் கட்டக்கூட நிற்காமல் அப்படியே இறங்கினார். கிழவரின் கக்கத்தில் தோளைக் கொடுத்துக் கரையில் ஏற்றினார். ஏற்றிவிட்டு, கையை விடாமல், மன்னிச்சுக்கங்க என்றுதான் சொல்ல முயன்றார் போலும். பாதிச் சொல் வந்தது.

"சரி சரி," என்றார் சின்னப்போடி. "என்ட வயல்ட பலகைய எப்ப எடுக்கிற எண்டு பாருங்க விதானையார். பயிர் காயுது."

அதோடு எல்லாம் நேராகிவிடவில்லை. ஜெமீல் அந்தக் கிழமை மஜ்லிஸுக்குப் போகமாட்டேன் என்றார், இனி எப்போதும் போகமாட்டேன் என்றார். கண்ணை மூடினாலே கிழவரின் முழங்கால்தான் தெரிகிறதாம். இந்த வெட்கத்தின் மேலும் பரீனாவுக்குச் சந்தேகம். வெட்கப்பட்டு மூலையில் குந்தியிருப்பதும் வேலை செய்யாமல் இருப்பதற்கு இன்னொரு வழிதான் என்று அவளுக்குப் பட்டது. அந்த அழுத முகத்தை அவள் மறக்கவும் இல்லை. அதை அவரிடமிருந்து பறித்தவள் என்ற பெயர் தனக்கு வேண்டாம் என்றும் இருந்தது.

"போங்க," என்றாள் வியாழக்கிழமை. "போய் உங்கட ஹஸ்ரத்துக்கிட்ட உண்மையச் சொல்லுங்க. சொல்லிப்போட்டு ஊட்டுக்கு வாங்க."

அவர் போனார், சொன்னார், வந்தார். ஹஸ்ரத், அந்தக் கிழவர் வீட்டுக்குப் போய் முழங்காலுக்கு எண்ணெய் கொடுத்தாயா என்று மட்டும் கேட்டாராம். போத்தலோடு வந்தவளின் வீட்டுக்கும் ஜெமீல் தானாகவே போய், தண்ணீர் விட்டது காரைதீவு மனிதர், நானில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். பாதி ஊர் சிரித்தது. மீதிப் பாதி, பெரிய ஆட்கள் அப்படித்தான் மறைப்பார்கள் என்று நம்ப மறுத்தது. அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சின்னப்போடி முழங்காலில் எண்ணெய் மணக்க இப்போதும் முறை நாள்களில் மதகடிக்கு வந்துவிடுகிறார், ஜெமீல் மறக்கிறாரா என்று பார்க்க. ஒரு நாள் பரீனாவிடம் போனில் முறைப்பாடு சொன்னார். விதானையார் பலகையெல்லாம் நேரத்துக்கு மாற்றுகிறார், அதில் பிழையில்லை, ஆனால் தூக்கும்போதும் போடும்போதும் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது, ஒரு நாளாவது தன்னோடு ஊர்க்கதை கதைக்கிறாரில்லை என்றார். பரீனா போனை வைத்துவிட்டுச் சிரித்தாள், அப்படியே கொஞ்சம் அழவும் செய்தாள்.

அன்று பின்னேரம் கிணற்றடியில் ஜெமீலின் சாரம் கிடந்தது. முழங்கால் உயரத்துக்குச் சேறு. பரீனா அதை வாளிக்குள் போடவில்லை. முதலில் விரித்துப் பார்த்தாள், பிறகு மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். ரோட்டுச் சேற்றுக்கு ஒரு மணம், வாய்க்கால் சேற்றுக்கு ஒரு மணம். இது வாய்க்கால் சேறுதான். நிச்சயத்துக்கு இன்னொரு தடவையும் மோந்துவிட்டு, வாளியில் தண்ணீர் அள்ளி ஊற்றினாள். உள்ளே அவர் உப்புக் கூடிவிட்டதென்று கத்துவது கேட்டது. இரவு படுக்கப் போகும்போது கல்முனையில் வாங்கிவந்த பூட்டை எடுத்து வாசல் கதவில் மாட்டி, உள்ளேயிருந்து பூட்டி, சாவியைத் தன் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.